ஒரே கருமருந்து, நாட்டுக்கொரு விலை!

பழைய துப்பாக்கிப் பிரியர்கள் கொடுக்கும் பணம் எங்கே போகிறது?

வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றும் சேர்ந்தது கருமருந்து. மனிதன் கண்டறிந்த வெடிமருந்துகளில் இதுவே மூத்தது. எடையில் சுமார் முக்கால் பங்கு வெடியுப்பு; எஞ்சியது கரியும் கந்தகமும். மூன்றில் ஒன்றுகூட விலையுயர்ந்த சரக்கு அல்ல. சிவகாசிப் பட்டாசின் திரிக்குள் இருப்பதும் இந்த இனந்தான். ஆயினும், ஒரே ஆலையில் தயாரான கருமருந்து ஒரு நாட்டில் ஒரு விலைக்கும், அடுத்த நாட்டில் வேறு விலைக்கும் விற்கிறது. சில நாடுகளில் கடைக்காரர் அலமாரியிலிருந்து எடுத்து நீட்டுகிறார். சில நாடுகளில் பரீட்சை எழுதித் தேறியவருக்கே அது கிடைக்கிறது. வேறு சில இடங்களில் கையில் பணம் இருந்தும் கடையில் சரக்கு இருப்பதில்லை.

பெட்ரோல் விலை நாட்டுக்கு நாடு மாறுவதற்கு வரி பிரதான காரணம் என்பது பலரும் அறிந்ததே. அரிசியின் விலை விளைச்சலையும் மானியத்தையும் பொறுத்தது. கருமருந்தின் கணக்கு இவ்விரண்டையும் போன்றதல்ல. அதை வாங்குபவர் மருந்துக்கென்று கொடுப்பது கொஞ்சம். மருந்தைப் பற்றிய பயத்துக்குக் கொடுப்பதே அதிகம். அந்தப் பயத்தின் செலவை ஆலை சுமப்பதா, வியாபாரி சுமப்பதா, வாங்குபவர் சுமப்பதா, சர்க்கார் சுமப்பதா என்ற கேள்விக்கு ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதமாகப் பதில் சொல்லியிருக்கிறது. விலை வித்தியாசத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

வாங்குகிறவர்கள் யார்?

1884-ம் ஆண்டில் பால் வியேய் என்ற பிரெஞ்சு ரசாயன நிபுணர் புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்தார். அதன் பிறகு படைவீரர்களின் துப்பாக்கிகளிலிருந்து கருமருந்து விடைபெற்றுக்கொண்டது. ஆனால் பழைய துப்பாக்கிகளின் மேல் பிரியம் உள்ளவர்கள் அதை விட்டுவிடவில்லை. குழலின் வாய் வழியே மருந்தைக் கொட்டி, குண்டை வைத்து, கோலால் கெட்டித்துச் சுடும் பழைய முறையை ஒரு விளையாட்டாகவும் கைத்திறமையாகவும் அவர்கள் போற்றி வருகிறார்கள்.

அமெரிக்காவில் இவர்களுடைய தேசிய சங்கம் 1933-ம் ஆண்டிலேயே தோன்றியது. இந்தியானா மாகாணத்தில் பிரெண்ட்ஷிப் என்ற சிற்றூரில் அதன் சுடுதிடல் இருக்கிறது. வடக்கு, தெற்கு உள்நாட்டு யுத்தத்தின் படைப்பிரிவுகளைப் போல் அணி வகுத்து, அந்தக் காலத்துத் துப்பாக்கிகளால் குறி பார்த்துச் சுடும் போட்டிகளுக்கென்று 1950-ல் இன்னொரு சங்கம் பிறந்தது. ஐரோப்பாவிலும் பல நாடுகளில் இத்தகைய சங்கங்கள் உண்டு. இவற்றுக்கெல்லாம் பொதுவாக ஒரு சர்வதேசக் கமிட்டியும், உலகப் போட்டிகளும் நடந்து வருகின்றன.

இவர்களில் பெரும்பாலோர் பணக்காரர்கள் அல்லர். ஆசிரியர்கள், தச்சர்கள், ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தர்கள் போன்றவர்களே அதிகம். இவர்களுக்கு மருந்தின் விலை எப்படி உறைக்கிறது என்பதற்கு ஒரு சிறு கணக்குப் போதும். ஒரு ராத்தல், அதாவது ஒரு பவுண்டு, என்பது 7,000 கிரெயின் எடை. ஒரு நீளத் துப்பாக்கிக்கு ஒரு தடவைக்கு 70 கிரெயின் மருந்து போடுகிறார்கள் என்று வைத்துக்கொண்டால், ஒரு ராத்தலில் 100 தடவை சுடலாம். வாராவாரம் இருபது, முப்பது தடவை சுட்டுப் பழகுகிறவருக்கு ஒரு ராத்தல் டப்பா ஒரு மாதந்தான் வரும். விலை இரட்டித்தால் பழக்கம் பாதியாகும். பழக்கம் பாதியானால் போட்டிக்கு வருகிறவர்கள் குறைவார்கள். அவர்கள் குறைந்தால் கடைக்காரர் சரக்கு வரவழைப்பதை நிறுத்திவிடுவார்.

விலைச் சீட்டின் மயக்கம்

இரு நாட்டு விலைகளை அருகருகே வைத்துப் பார்ப்பவர்கள் முதலில் இரண்டு இடங்களில் ஏமாறுகிறார்கள். அமெரிக்காவில் டப்பா என்றால் ஒரு ராத்தல். அது 454 கிராம். ஐரோப்பாவில் கணக்கு கிலோவில் நடக்கிறது. ராத்தல் விலையையும் கிலோ விலையையும் அப்படியே ஒப்பிட்டால், ஐரோப்பியச் சரக்கு இரண்டு மடங்குக்கு மேல் விலை போவதாகத் தோன்றும். பாதி வித்தியாசம் தராசில் வந்ததே தவிர, சந்தையில் வந்ததல்ல.

இரண்டாவது, வரி. ஐரோப்பாவில் கடைச் சீட்டில் எழுதியிருக்கும் விலையிலேயே மதிப்புக் கூட்டு வரி அடங்கியிருக்கும். ஜெர்மனியில் அது 19 சதவிகிதம். பிரிட்டனில் 20 சதவிகிதம். ஸ்விட்ஸர்லாந்தில் 2024 முதல் 8.1 சதவிகிதம். அமெரிக்காவில் இப்படித் தேசம் முழுவதற்கும் பொதுவான விற்பனை வரி கிடையாது. மாகாணத்துக்கு மாகாணம் வரி வேறு. அதையும் கடைசியில் பில்லில்தான் சேர்ப்பார்கள். டெலவேர், ஆரகான் போன்ற சில மாகாணங்களில் விற்பனை வரியே இல்லை. ஐரோப்பிய வரி மருந்தின் விலைக்கு மட்டும் விதிக்கப்படுவதல்ல. வண்டிக்கூலியும் அந்த வரிக்குள் வந்துவிடுகிறது. அடியில் ஏறும் ஒவ்வொரு செலவையும் வரி இன்னும் கொஞ்சம் ஊதிப் பெரிதாக்குகிறது.

தராசையும் வரியையும் சரிக்கட்டிய பிறகும் வித்தியாசம் மிஞ்சுகிறது. அதற்குக் காரணம் தேட ஆலைக்குள் போக வேண்டும்.

ஆற்றைப் பார்த்த சுவர்

அமெரிக்காவில் தூபான் என்ற கம்பெனியின் பெயரை அறியாதவர் இல்லை. நைலானும் இன்னும் பல ரசாயனச் சரக்குகளும் செய்து உலகப் புகழ் பெற்ற அந்தக் கம்பெனி, 1802-ம் ஆண்டில் டெலவேர் மாகாணத்தில் பிராண்டிவைன் ஆற்றங்கரையில் ஒரு கருமருந்து ஆலையாகத்தான் பிறந்தது. அதை நிறுவிய எலூதேர் இரேனே தூபான், பிரான்ஸில் பேர்போன விஞ்ஞானி லவாஸியேயிடம் தொழில் பயின்றவர்.

அவர் கட்டிய ஆலைக் கட்டடங்கள் இன்றும் காட்சிக்கு இருக்கின்றன. மூன்று பக்கமும் தடித்த கருங்கல் சுவர். ஆற்றைப் பார்த்த நான்காவது பக்கத்திலும் கூரையிலும் இலேசான மரவேலை. வெடித்தால் வேகம் முழுவதும் ஆற்றுப் பக்கம் போகட்டும், பக்கத்துக் கட்டடம் பிழைக்கட்டும் என்பது ஏற்பாடு. அதாவது, கட்டும்போதே இது ஒரு நாள் வெடிக்கும் என்று ஒப்புக்கொண்டு கட்டிய ஆலை அது. அப்படியும் 1818-ல் நடந்த விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 1857-ல் முதலாளி குடும்பத்தைச் சேர்ந்த அலெக்ஸிஸ் தூபானே வெடிவிபத்துக்குப் பலியானார்.

இருநூறு வருஷத்துக்குப் பிறகும் தொழிலின் தன்மை மாறவில்லை. கருமருந்து ஒரு தீப்பொறிக்குக் காத்திருக்கும் பொருள். ஒரு கட்டடத்துக்கும் அடுத்த கட்டடத்துக்கும் இடையே வெறும் நிலம் விட வேண்டும். ஒரு கொட்டகையில் இவ்வளவுக்கு மேல் சரக்கு இருக்கக்கூடாது. இத்தனை ஆளுக்கு மேல் நிற்கக்கூடாது. மற்றத் தொழில்களில் பெரிய ஆலை கட்டினால் செலவு குறையும். இங்கே சிறு சிறு கொட்டகைகளாகப் பிரித்துக் கட்டியே தீரவேண்டும். இன்ஷியூரன்ஸ் கட்டணமும் அதற்கேற்றபடி இருக்கும். இவ்வளவு செலவும் உற்பத்தியாகும் ராத்தல்களின் மேல்தான் ஏறவேண்டும்.

ராத்தல்கள் கோடிக்கணக்கில் இருந்த காலத்தில் இந்தச் செலவு தெரியவில்லை. சுரங்கம் தோண்டவும், ரயில் பாதைக்கு மலை உடைக்கவும் கருமருந்து வண்டி வண்டியாகப் போயிற்று. 1867-ல் நோபல் டைனமைட்டுக்குப் பேடெண்ட் பெற்றார். பிற்பாடு அமோனியம் நைட்ரேட் கலவைகள் வந்தன. சுரங்கங்கள் கருமருந்தைக் கைவிட்டன. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. பிரிட்டனில் கருமருந்துத் தொழில் பல நூற்றாண்டுகள் செழித்திருந்தது. வால்தாம் ஆபி என்ற ஊரில் ராஜாங்க ஆலையே நடந்தது. 1941-ல் ஜெர்மன் குண்டு விழுந்து சேதமான அங்கத்திய கருமருந்து ஆலை மறுபடி திறக்கப்படவில்லை. ஸ்காத்லாந்தில் ஆர்டீர் என்ற இடத்தில் இருந்த கடைசி ஆலையும் 1976 அக்டோபரில் மூடியது. அன்று முதல் பிரிட்டனுக்கு வேண்டிய கருமருந்து முழுவதும் இறக்குமதிதான்.

விரல் விட்டு எண்ணும் ஆலைகள்

ஐரோப்பாவில் இன்று இந்தத் தொழிலுக்குப் பெயர் சொல்லும் ஆலைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஜெர்மனியில் ஹார்ஸ் மலைப் பக்கத்தில் வானோ என்ற ஆலை இருக்கிறது. செக் நாட்டில் பார்துபித்ஸே நகரில் எக்ஸ்ப்ளோஸியா என்ற சர்க்கார் கம்பெனி இருக்கிறது. ஸ்விட்ஸர்லாந்தில் ஓபோன் என்ற ஊரில் 1853-ல் ஏற்பட்ட ஆலை ஒன்று உண்டு. 1848-ல் ஏற்பட்ட ஸ்விஸ் அரசியல் சட்டத்தின் கீழ் வெடிமருந்து கூட்டரசின் ஏகபோகமாகிவிட்டபடியால், அந்த ஆலை நெடுங்காலம் சர்க்காருடைய நிழலில் வளர்ந்தது. கரி எந்த மரத்திலிருந்து எடுக்கப்படுகிறது, எவ்வளவு நேரம் அரைபடுகிறது என்பவற்றில் அங்கே காட்டும் சிரத்தையைச் சுடுகிறவர்கள் உலகெங்கும் மெச்சுகிறார்கள். ஸ்விஸ் சரக்கு மற்றவற்றைவிடக் கூடுதல் விலைக்குப் போவதற்கு இந்தத் தரமும் ஒரு நியாயமான காரணம்.

அமெரிக்காவின் நிலைமை இன்னும் நெருக்கடியானது. தூபான் கம்பெனி 1970-களின் ஆரம்பத்தில் தனது கடைசிக் கருமருந்து ஆலையை விற்றுவிட்டது. வாங்கியவர்கள் அதற்கு கோயெக்ஸ் என்று பெயரிட்டார்கள். ஆலை பின்னர் பென்ஸில்வேனியாவிலிருந்து லுயீஸியானா மாகாணத்துக்குப் பெயர்ந்தது. 2009-ல் ஹாட்ஜன் என்ற மருந்துக் கம்பெனியின் கைக்கு மாறியது. 2021 ஜூனில் அங்கே ஒரு வெடிவிபத்து நேர்ந்தது. அதே வருஷம் செப்டம்பரில், கருமருந்துத் தொழிலையே விட்டுவிடப் போவதாக அந்தக் கம்பெனி அறிவித்தது. அமெரிக்க ராணுவத்துக்குக்கூட உள்நாட்டில் கருமருந்து கொடுத்துவந்தது அந்த ஓர் ஆலைதான்.

அறிவிப்பு வந்ததும் கடைகளில் சரக்கு மறைந்தது. கையில் இருந்ததைப் பத்திரப்படுத்தியவர் சிலர். கிடைத்ததை எல்லாம் வாரிக்கொண்டவர் சிலர். ஓர் ஆலையின் கதவு மூடினால் ஒரு கண்டத்தின் விலை எப்படி ஆடும் என்பதை அந்தச் சில மாதங்கள் காட்டின.

ஆலையைக் காப்பாற்ற முன்வந்தது எந்தத் துப்பாக்கிக் கம்பெனியும் அல்ல. பள்ளிச் சிறுவர்கள் மைதானத்தில் பறக்கவிடும் விளையாட்டு ராக்கெட்டுகளைச் செய்யும் எஸ்டெஸ் குழுவினர் 2022-ன் தொடக்கத்தில் அதை வாங்கி, உற்பத்தியை மறுபடி தொடங்கினார்கள். அந்தச் சிறு ராக்கெட்டின் வயிற்றில் எரிவதும் கருமருந்துதான். மூலப்பொருள் நின்றுபோனால் தங்கள் தொழிலே நின்றுபோகும் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். பழைய துப்பாக்கிப் பிரியர்களின் மருந்து இன்று அமெரிக்காவில் உற்பத்தியாவதற்கு, குழந்தைகளின் ராக்கெட்டுக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

வண்டி ஏறும் கட்டணம்

ஆலையிலிருந்து வெளியே வந்த பிறகுதான் விலை உண்மையாகவே ஏறத் தொடங்குகிறது. ஆபத்தான சரக்குகளுக்கு ஐ. நா. ஏற்பாட்டின்படி எண்கள் கொடுத்து வகை பிரித்திருக்கிறார்கள். கருமருந்தின் எண் 0027. முழுச் சரக்கும் ஒரே கணத்தில் வெடிக்கக்கூடிய முதல் வகையில் அது சேர்க்கப்பட்டிருக்கிறது. புகையில்லா மருந்து பெரும்பாலும் வேகமாக எரியும் வகையில்தான் சேருகிறது. இந்த ஒரு வித்தியாசத்தால் கருமருந்தின் செலவு வேறு பாதையில் போய்விடுகிறது. முதல் வகைச் சரக்கை விமானத்தில் ஏற்ற முடியாது. கப்பலில் இடம் கிடைப்பதும் எளிதல்ல; மற்றச் சரக்குகளோடு கலந்து வைக்க முடியாது. துறைமுகத்தில் இறக்குவதற்கும், காவலோடு கிடங்கில் வைப்பதற்கும் தனித்தனி அனுமதி வேண்டும். இறக்குமதியையே நம்பியிருக்கும் தூரதேசங்களுக்குக் கப்பலும் இந்தச் செலவுகளும் தவிர வேறு வழி இல்லை.

அமெரிக்கர்கள் உள்நாட்டில் இதற்கு ஒரு சலுகை செய்துகொண்டார்கள். சிறு துப்பாக்கிகளுக்கான கருமருந்தை ஒரு ராத்தலுக்கு மேற்படாத டப்பாக்களில், ஒரு பெட்டிக்கு 25 டப்பாக்களுக்கு மேற்படாமல், ஒரு வண்டியில் மொத்தம் 100 ராத்தலுக்கு மேற்படாமல் கொண்டுபோனால், அதை வெடிபொருளாகக் கருதாமல் தீப்பற்றும் பொருளாகக் கருதலாம் என்பது அந்தச் சலுகை. இதனால் சாதாரணச் சரக்கு வண்டியிலேயே கருமருந்து வாடிக்கையாளரின் வீட்டு வாசலுக்குப் போகிறது.

ஆனால் அங்கேயும் ஆபத்தான சரக்கு என்பதற்காகப் பெட்டிக்கு இவ்வளவு என்று ஒரு தனிக் கட்டணம் உண்டு. பெட்டியில் ஒரு டப்பா இருந்தாலும் 25 டப்பா இருந்தாலும் கட்டணம் ஒன்றுதான். உதாரணமாக அந்தக் கட்டணம் 50 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஒரே டப்பா வாங்குபவர் தலையில் 50 டாலரும் விழும். 25 டப்பா வாங்குபவருக்கு டப்பாவுக்கு 2 டாலர்தான். ஆகவேதான் அங்கே நண்பர்களும் சங்கத்தாரும் கூட்டுச் சேர்ந்து பெட்டியாக வரவழைக்கிறார்கள். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், ஐரோப்பிய விலையின் மர்மம் பாதி விளங்கிவிடும்.

ஐம்பது ராத்தலும் ஒரு கிலோவும்

மொத்தமாக வாங்கினால் செலவு குறையும். ஆனால் மொத்தமாக வாங்கச் சட்டம் இடம் கொடுக்க வேண்டுமே!

1969, 70-ம் ஆண்டுகளில் அமெரிக்காவில் ஆங்காங்கே குண்டு வெடிப்புகள் நடந்தன. அதன் எதிரொலியாக 1970-ல் வெடிபொருள் சட்டம் வந்தது. அதில் லைசென்ஸ் இல்லாமல் வைத்துக்கொள்ளக்கூடிய கருமருந்து 5 ராத்தல் என்று இருந்தது. பழைய துப்பாக்கிக்காரர்கள் முறையிட்டார்கள். அந்த வரம்பு 50 ராத்தலாக உயர்த்தப்பட்டு, 1975 ஜனவரியில் சட்டத் திருத்தம் கையெழுத்தாயிற்று. பழங்காலத் துப்பாக்கிகளில், விளையாட்டு அல்லது பண்பாட்டு நோக்கங்களுக்கு மட்டும் என்ற நிபந்தனை உண்டு. சில மாகாணங்களும் தீயணைப்பு விதிகளும் இதைக் குறைக்கலாம். இருந்தாலும் கூட்டரசுச் சட்டத்தின் அடிப்படை நோக்கம் தெளிவு: குடிமகனை முதலில் நம்புவது.

ஜெர்மனியின் நோக்கம் நேர் மாறானது. அங்கே ஒருவர் கருமருந்து வாங்க வேண்டுமானால், அங்கீகாரம் பெற்ற வகுப்பில் சேர்ந்து பயின்று, பரீட்சையில் தேற வேண்டும். நடத்தையைப் பற்றி அதிகாரிகள் விசாரிப்பார்கள். மருந்து எதற்கு வேண்டும் என்பதை நிரூபிக்க வேண்டும். பிறகு கிடைக்கும் அனுமதி வழக்கமாக ஐந்து வருஷத்துக்குச் செல்லும். இவ்வளவுக்குப் பின்பும், குடியிருக்கும் வீட்டில் ஆள் புழங்காத ஓர் அறையில் வைத்துக்கொள்ளக்கூடிய அளவு ஒரு கிலோதான்.

வகுப்புக் கட்டணம், பரீட்சைக் கட்டணம், அனுமதிக் கட்டணம் எதுவும் கடையின் விலைச் சீட்டில் வராது. ஆனால் வருஷத்துக்கு ஒரு கிலோ சுடுகிறவர் ஐந்து வருஷத்தில் செலவிடுவது 5 கிலோ. அவர் கட்டிய கட்டணங்களை அந்த 5 கிலோவின் மேல் வகுத்துப் பார்த்தால்தான் ஒரு கிலோவின் உண்மையான விலை தெரியும். நிறையச் சுடுகிறவருக்கு அந்தப் பாரம் இலேசு. எப்போதாவது சுடுகிறவருக்குக் கனம். கடைக்காரரும் சும்மா இருக்கவில்லை. ஒரு கிலோ, இரண்டு கிலோவாக வாங்குகிறவர்களுக்காக, அவர் விதிப்படி கிடங்கு கட்டிக் கணக்கு எழுதிக் காவல் வைக்க வேண்டியிருக்கிறது.

பிரிட்டனில் பொறுப்பு போலீஸாருடையது. 2014-ம் ஆண்டின் வெடிபொருள் விதிகளின்படி, கருமருந்து வாங்கி வைத்துக்கொள்ள விரும்புகிறவர் போலீஸாரிடம் தனிச் சான்றிதழ் பெற வேண்டும். புகையில்லா மருந்துக்கு அத்தகைய சான்றிதழ் தேவையில்லை என்பது வேடிக்கை. நவீனத் துப்பாக்கிக்காரர் சுலபமாக வாங்குவதை, பாட்டனார் காலத்துத் துப்பாக்கிக்காரர் காகிதத்தோடு வாங்க வேண்டியிருக்கிறது. சட்டம் துப்பாக்கியின் வயதைப் பார்க்கவில்லை. மருந்தின் குணத்தைப் பார்க்கிறது.

ஆக, அமெரிக்கச் சட்டம் பெட்டியாக வாங்க வழி விடுகிறது. ஜெர்மன் சட்டம் டப்பாவாக வாங்க வைக்கிறது. நிலையான கட்டணங்கள் ஓரிடத்தில் 25 பங்காகப் பிரிகின்றன. இன்னோரிடத்தில் ஒன்றிரண்டு பங்கின் மேலேயே முழுவதும் விழுகின்றன. கடைக்காரர் பேராசைக்காரர் என்று திட்டுகிறவர்கள் இந்தக் கணக்கைக் கவனிப்பதில்லை.

மாற்று மருந்து வந்த கதை

விலையும் விதியும் இப்படி நெருக்கும்போது மாற்றுச் சரக்கு தோன்றுவது வியாபார உலகின் இயல்பு. 1970-களில் டான் பாவ்லக் என்ற அமெரிக்கர் பைரோடெக்ஸ் என்ற மருந்தைக் கண்டுபிடித்தார். கருமருந்தைப் போலவே புகையும், அளவும். ஆனால் அவ்வளவு சுலபமாகப் பற்றிக்கொள்வதில்லை. ஆகவே சட்டத்தின் பார்வையில் அது புகையில்லா மருந்தோடு சேர்ந்தது. அதைக் கண்டுபிடித்தவரே 1977 ஜனவரியில் தமது ஆலையில் ஏற்பட்ட தீக்கு இரையானார். இந்தத் தொழிலில் பத்திரமான சரக்கு என்பதும் ஒப்பிட்டுச் சொல்லும் வார்த்தைதான்.

மாற்று மருந்து எளிதாகக் கிடைக்கும் நாடுகளில் கருமருந்துக்கு ஒரு போட்டி இருக்கிறது. வியாபாரி விலையை இஷ்டம் போல் ஏற்ற முடியாது. ஆனால் சக்கிமுக்கிக் கல்லின் பொறியால் சுடும் துப்பாக்கிகளுக்கு மாற்று மருந்து உதவாது. பற்றிக்கொள்ள அதிகச் சூடு கேட்பதால், கல்லின் பொறிக்கு அது மசிவதில்லை. சர்வதேசப் போட்டிகளிலும் அசல் கருமருந்துக்கே இடம். எனவே அசலை விரும்புகிறவருக்கு அசலின் விலையிலிருந்து தப்ப வழி இல்லை.

பீகார் மண்ணும் பீரங்கிச் சத்தமும்

யுத்தம் வந்தால் கருமருந்தின் விலை எப்படி ஆடும் என்பதற்கு இந்தியாவோடு சம்பந்தப்பட்ட ஒரு சரித்திரச் சம்பவம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகத்துக்கு வெடியுப்பு கொடுத்தது பீகார். நுனியா என்ற சமூகத்தார் பழைய குடியிருப்புகளின் மண்ணில் பூக்கும் உப்பைச் சுரண்டி, காய்ச்சி எடுத்தார்கள். பிளாசிக்குப் பிறகு அந்த வியாபாரம் ஆங்கிலக் கம்பெனியின் பிடிக்குள் வந்தது. உலகச் சந்தையில் வெடியுப்பு வேண்டுமானால் லண்டனில்தான் வாங்க வேண்டும் என்ற நிலை ஏற்பட்டது.

1861-ல் அமெரிக்க உள்நாட்டு யுத்தம் மூண்டபோது வடவர்களிடம் வெடியுப்பு குறைவாக இருந்தது. லம்மாட் தூபானை அவர்கள் லண்டனுக்கு அனுப்பி, கிடைத்ததை எல்லாம் வாங்கச் சொன்னார்கள். அவர் வாங்கிக் கப்பலில் ஏற்றும் சமயத்தில் டிரெண்ட் தகராறு வெடித்தது. பிரிட்டிஷ் கப்பலில் போய்க்கொண்டிருந்த தென்னவர்களின் தூதர் இருவரை வடவர்களின் போர்க்கப்பல் பிடித்துக்கொண்டுபோனதே தகராறு. பிரிட்டிஷ் சர்க்கார் வெடியுப்பு ஏற்றுமதியைத் தடை செய்தது. தூதர்கள் விடுதலையான பிறகே 1862 ஜனவரியில் தடை நீங்கி, பீகார் உப்பு அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. சரக்கு கையில் வந்தும் ராஜதந்திரம் இடம் கொடுக்காவிட்டால் பயனில்லை என்பதை அந்த இரண்டு மாதங்கள் காட்டின.

இன்றைக்கும் இந்தப் பாடம் பழையதாகிவிடவில்லை. பீரங்கிக் குண்டைத் தள்ளும் மருந்து புகையில்லாததுதான். ஆனால் அதைப் பற்றவைக்கும் சிறு பொட்டலத்தில் கருமருந்து வைப்பதுண்டு. 2022 பிப்ரவரியில் உக்ரேன் மீது ருஷ்யா படையெடுத்த பிறகு ஐரோப்பாவும் அமெரிக்காவும் பீரங்கிக் குண்டு உற்பத்தியைப் பெருக்க முனைந்தன. எல்லா வகை மருந்துக்கும் கிராக்கி ஏறியது. ராணுவமும் பொழுதுபோக்குக்காரரும் ஒரே ஆலையின் வாசலில் நிற்கும்போது யாருக்கு முதலில் கதவு திறக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

யார் சுமப்பது?

எந்த நாட்டின் விலை நியாயமானது என்று ஒரு வரியில் தீர்ப்புச் சொல்ல முடியாது. குறைந்த விலைக்கும் ஒரு விலை உண்டு. வீட்டில் 50 ராத்தல் கருமருந்து வைத்திருப்பவரின் பக்கத்து வீட்டுக்காரர், அந்தச் சலுகையின் ஆபத்தில் ஒரு பங்கைத் தம்மை அறியாமலே சுமக்கிறார். அதிக விலைக்கும் ஓர் ஆபத்து உண்டு. அசல் சரக்கு கைக்கு எட்டாமல் போனால், தாமே கலந்து பார்க்கலாம் என்ற விபரீத ஆசை சிலருக்குத் தோன்றும். தூபான் குடும்பத்தார் கருங்கல் சுவருக்குள்ளும் தப்ப முடியாத விபத்தைச் சமையலறையில் வரவழைத்துக்கொள்வதாகவே அது முடியும். பரீட்சை வைத்துப் பொறுப்புக் கற்பிக்கும் ஜெர்மன் முறை இந்த விஷயத்தில் வீண் என்று தள்ளக்கூடியதல்ல.

ஆனால் இரண்டு விஷயங்கள் தெளிவாகத் தெரிகின்றன. முதலாவது, கட்டணம் ஆபத்தின் அளவைப் பொறுத்து இருக்க வேண்டும். ஒரு டப்பாவுக்கும் ஒரு பெட்டிக்கும் ஒரே கட்டணம் என்ற முறை, கொஞ்சமாக வாங்கி வைக்கும் ஜாக்கிரதைக்காரருக்கு அபராதம் போடுகிறது. நிறைய வாங்கிச் சேமிக்கிறவருக்குத் தள்ளுபடி கொடுக்கிறது. பாதுகாப்பை விரும்பும் எந்தச் சர்க்காரும் இதைத் தலைகீழாகத்தான் செய்ய வேண்டும். இரண்டாவது, விலையை நிலையாக வைப்பது கடைக்காரரின் நல்ல மனமோ சட்டத்தின் தாராளமோ அல்ல. ஒன்றுக்கு மேற்பட்ட ஆலைகள் உயிரோடு இருப்பதுதான். பிரிட்டன் 1976-ல் தன் கடைசி ஆலையை இழந்தது. அமெரிக்கா 2021-ல் இழக்கும் தறுவாய்க்கு வந்து, ஒரு விளையாட்டு ராக்கெட்டுக் கம்பெனியால் தப்பியது. அடுத்த ஆலை மூடும்போது இன்னொரு ராக்கெட்டுக் கம்பெனி வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

வெடியுப்பு மண்ணில் கிடைக்கிறது. கரி அடுப்பில் கிடைக்கிறது. கந்தகம் எண்ணெய் சுத்திகரிப்பில் மலைபோல் குவிகிறது. கருமருந்துக்கு உலகில் என்றும் பஞ்சம் வராது. அதைப் பத்திரமாகச் செய்து, பத்திரமாக ஏற்றி, பத்திரமாக விற்கத் தெரிந்தவர்களுக்குத்தான் பஞ்சம் வந்துகொண்டிருக்கிறது. நாட்டுக்கு நாடு மாறும் விலைச் சீட்டுகள் சொல்லும் செய்தி அதுவே.